வாடிக்கையாளரே பராமரிக்கும் தளத்துக்கு எந்த சி.எம்.எஸ்.? திருகோணமலையில் வேலை தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நிலாவெளியில் ஆறு அறைகள் உள்ள ஒரு விருந்தினர் விடுதி. அதை நடத்தும் அக்கா ஓர் ஏப்ரல் மாத இரவில், சீசன் விலையை மாற்றுவதற்காகத் தன்னுடைய இணையத்தளத்தைப் போனில் திறந்தார். அந்தத் தளத்தைச் செய்து கொடுத்தவன் நான். இழுத்து இழுத்துப் பக்கம் கட்டும் ஒரு பிளகினை (தளத்தின் மென்பொருளோடு சேர்க்கும் துணை மென்பொருள்) போட்டு, அறைக்கு ஒரு பெட்டி, பெட்டிக்குள் மூன்று நிரல், நிரலுக்குள் படம், விலை, பொத்தான் என்று அழகாக அடுக்கியிருந்தேன். விலையில் விரலை வைத்தால் முழுப் பெட்டியும் தெரிவாகும். அவர் எதையோ அழித்திருக்கிறார். மூன்று அறைகள் பக்கத்திலிருந்து காணாமற்போய்விட்டன. விடிந்ததும் எனக்குக் கோல் எடுத்தார். "தம்பி, இனி நான் அதில கை வைக்கமாட்டன். நீங்களே மாத்தி விடுங்கோ."

அன்றிலிருந்து எனக்கு நேரம் கிடைத்தபோதுதான் அந்தத் தளத்தின் விலைகள் மாறின. பழைய விலையைப் பார்த்துவிட்டு வந்த விருந்தினர்களுக்கு அவர் வரவேற்பு மேசையில் நின்று விளக்கம் சொல்லவேண்டி வந்தது. பிழை என்னுடையது. எனக்கு வேலை செய்ய எது சுகமோ அதைத் தெரிந்தெடுத்தேன். நான் போன பிறகு அதைத் திறக்கப்போகிறவர் அவர் என்பதை யோசிக்கவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு தளத்துக்கும் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கு அந்த முறையை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

சி.எம்.எஸ். என்பது உள்ளடக்க முகாமைத்துவ முறைமை. கணினிக் குறிமுறை எதையும் தொடாமல், எழுத்தையும் படத்தையும் விலையையும் உலாவியிலிருந்தே மாற்ற வழிசெய்யும் மென்பொருள். வேர்ட்பிரஸ், ஜூம்லா, ட்ரூபல், விக்ஸ் எல்லாம் இதற்குள் அடங்கும். அவற்றை ஒப்பிடும் பட்டியல்கள் இணையத்தில் ஏராளம். அவற்றை இப்போதைக்கு மூடி வையுங்கள். பெயர்கள் நான்காவது படியில்தான் வரும்.

படி 1: எது மாறும் என்று எழுதுங்கள்

முதற் சந்திப்பில் எல்லா வாடிக்கையாளரும் ஒன்றைத்தான் கேட்பார்கள்: "எல்லாத்தையும் நாங்களே மாத்தக்கூடிய மாதிரிச் செய்து தாங்கோ." தலையாட்டிவிட்டு வராதீர்கள். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். ஒரு பக்கம், மாறுபவை. மறுபக்கம், மாறாதவை. மாறுபவற்றுக்கு எதிரே வருடத்துக்கு எத்தனை தடவை என்று எழுதுங்கள்.

நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்து விடுதிகளுக்கு இந்தத் தாள் பெரும்பாலும் ஒரே மாதிரி வரும். அறை விலை வருடத்துக்கு இரண்டு தடவை, சீசனுக்கு முன்பும் பின்பும். படங்கள் எப்போதாவது. புறாத்தீவுக்குப் போகும் படகின் விலை, திமிங்கிலம் பார்க்கப் போகும் பயணத்தின் விலை சீசனுக்கு ஒரு தடவை. உணவுப் பட்டியல் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அவ்வளவுதான். எந்த அறை எந்த நாளில் காலி என்பதையும் தளத்தில் காட்டவேண்டும் என்று கேட்பார்கள். அதற்குச் சரி சொல்லமுன் யோசியுங்கள். பெரும்பாலான விடுதிகள் ஏற்கெனவே புக்கிங் தளங்களில் அந்தக் கணக்கை வைத்திருக்கின்றன. இரண்டு இடத்தில் ஒரே கணக்கை வைத்தால், சனிக்கிழமை இரவு ஒரே அறைக்கு இரண்டு குடும்பம் வந்து நிற்கும். அங்கே போக ஒரு இணைப்பும், வட்ஸ்அப் பொத்தானும் போதும்.

கோயிலுக்கு வேறு தாள். திருவிழா நேரசூசி, விசேட பூசைகள், அறிவித்தல், உபயகாரர் பட்டியல். வருடத்தின் சில வாரங்களில் தினமும் மாறும், மற்ற நாட்களில் அசைவே இராது. ரியூட்டரிக்கு வகுப்பு நேரம் வாரந்தோறும் மாறும். சுழியோடப் பழக்கும் நிலையத்துக்குப் படங்கள்தான் உயிர். எழுத்து மாறவே மாறாது.

தாளை எழுதி முடித்த பிறகு, மாறும் பக்கத்தில் வருடத்துக்கு ஓரிரு விடயம் மட்டுமே இருந்தால், நேர்மையாகச் சொல்லிவிடுங்கள்: இதற்கு சி.எம்.எஸ். தேவையில்லை. சாதாரண எச்.டி.எம்.எல். பக்கங்கள் சில, வருடத்துக்கு இரண்டு தடவை நீங்களே மாற்றிக் கொடுப்பதற்கு ஒரு சிறு கட்டணம். அந்தத் தளத்தை ஹக் பண்ணுவதற்கு உள்ளே எதுவும் இல்லை, புதுப்பிக்க எதுவும் இல்லை, வேகமாகவும் திறக்கும். பணம் குறையும் என்று பயப்படாதீர்கள். இந்த ஊரில் ஒருவருக்கு ஒழுங்காகச் சொன்ன ஆலோசனை அடுத்த மூன்று பேரைக் கூட்டிவரும்.

படி 2: யார் இருந்து மாற்றப்போகிறார்?

முதலாளி "நான்தான்" என்பார். பெரும்பாலும் அப்படி நடக்காது. வரவேற்பில் இருக்கும் பிள்ளை, உயர்தரம் எழுதிவிட்டு நிற்கும் மகன், பரிபாலன சபையின் உப செயலாளர் என்று யாரோ ஒருவர்தான் செய்வார். அவரைச் சந்திக்காமல் தெரிவு செய்யவேண்டாம். சந்தித்தால் மூன்று விடயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, போனா கணினியா. நான் சந்தித்தவர்களில் அதிகம் பேர் போனில்தான் எல்லாம் செய்கிறார்கள். கணினியில் மட்டும் ஒழுங்காகத் திறக்கும் நிர்வாகப் பக்கம் அவர்களுக்குப் பூட்டிய கதவு. நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு சி.எம்.எஸ்.ஸையும் ஒரு மலிவான அன்ட்ரொயிட் போனில் திறந்து, ஒரு பந்தியைத் திருத்தி, ஒரு படத்தை மாற்றிப் பாருங்கள்.

இரண்டாவது, அவர் இன்னும் எத்தனை காலம் அங்கே இருப்பார். மகன் கம்பஸ் கிடைத்துப் போய்விடுவான். வரவேற்புப் பிள்ளை கலியாணம் கட்டிப் போய்விடுவாள். அடுத்தவர் வந்து அரை மணித்தியாலத்தில் பழகக்கூடியதாக இருக்கவேண்டும்.

மூன்றாவது, தமிழை எப்படித் தட்டச்சுச் செய்கிறார். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். வெளிநாட்டு வழிகாட்டிகளில் இது இருக்காது. நம் வேலையில் பாதித் தலையிடி இங்கிருந்துதான் வரும்.

போனில் தமிழ் விசைப்பலகையால் அடித்தால் அது யூனிகோட், எந்தத் திரையிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீட்டு முறை. அப்படியே தளத்தில் ஒட்டலாம். ஆனால் கோயில் அலுவலகத்திலும் அச்சகத்திலும் இன்னமும் பாமினி எழுத்துருதான். பாமினியில் அடித்த கோப்பு கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பவையோ ஆங்கில எழுத்துகளும் குறிகளும். 'தமிழ்' என்ற சொல்லை அடிக்க ஆங்கிலத்தின் ஜே, கே, பி, ஓ ஆகிய விசைகளையும் அரைப்புள்ளியையும் அழுத்தவேண்டும். அந்த எழுத்துருவைக் கழற்றினால் அந்த ஐந்தும்தான் மிஞ்சும். வேர்ட் கோப்பிலிருந்து நகலெடுத்துத் தளத்தில் ஒட்டினால் திரையில் வருவதும் அதுதான். கூகுளும் அதை வாசிக்காது.

ஒரு முறை கோயில் ஒன்றின் செயலாளர் ஐயா பதினைந்து பக்க வரலாறு அனுப்பினார், முழுவதும் பாமினி. எழுத்துருவை மாற்றும் மென்பொருள் ஒன்றில் போட்டு யூனிகோட் ஆக்கினேன். தமிழ் நன்றாக வந்தது. பதிவேற்றி இரண்டு கிழமைக்குப் பிறகுதான் பார்த்தோம், கடைசிப் பக்கத்திலிருந்த மின்னஞ்சல் முகவரியையும் அந்த மென்பொருள் தமிழ் என்று நினைத்து மாற்றியிருக்கிறது. அர்த்தமில்லாத உயிர்மெய்கள் வரிசையாக நின்றன. அப்படித்தான் நடக்கும்: பாமினிக் கோப்புக்குள் இருக்கும் ஆங்கிலப் பெயர், முகவரி, அடைப்புக்குறி எல்லாவற்றையும் மாற்றிய பிறகு கண்ணால் சரிபார்க்கவேண்டும். இதைத் தினமும் செய்ய ஒருவரிடம் எதிர்பார்க்கக்கூடாது. ஆகவே பாமினிக்குப் பழகியவர் கையில் தளத்தைக் கொடுப்பதானால், முதலில் அவருடைய கணினியில் யூனிகோட் விசைப்பலகையைப் போட்டுக் கொடுங்கள். பாமினி விசையமைப்பிலேயே அடித்து யூனிகோடாகப் பெறும் மென்பொருட்கள் இருக்கின்றன. விரலுக்கு வேறுபாடு தெரியாது. எந்த சி.எம்.எஸ். என்பதைவிட இந்த ஒரு மணித்தியால வேலை அதிகப் பலன் தரும்.

படி 3: எத்தனை மொழி, யார் எழுதுவது?

திருகோணமலையில் மூன்று மொழியும் வேண்டும் என்பது நியாயமான ஆசை. விடுதிக்கு ஆங்கிலமும் சிங்களமும் இல்லாமல் முடியாது. கோயிலுக்கும் பாடசாலைக்கும் தமிழ் இல்லாமல் முடியாது. ஆனால் மும்மொழித் தளத்தில் ஓர் அறிவித்தல் என்பது மூன்று அறிவித்தல். சிங்களத்தில் எழுதப்போகிறவர் யார் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால், மாறாத பக்கங்களை மட்டும் மும்மொழியில் ஒருமுறை நல்ல மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு செய்யுங்கள். அறிவித்தல்கள் எந்த மொழியில் எழுத முடியுமோ அந்த மொழியில் இருக்கட்டும். 'செய்திகள்' என்று சிங்களத்தில் தலைப்பிட்டு வெறுமையாகக் கிடக்கும் பக்கத்தைப் பார்க்க எனக்கு மனது பொறுப்பதில்லை.

தொழில்நுட்பப் பக்கம் இதுதான்: ஜூம்லாவில் 2011இல் வந்த 1.6 பதிப்பிலிருந்து பன்மொழி வசதி உள்ளேயே இருக்கிறது. ட்ரூபலில் 2015இல் வந்த 8ஆம் பதிப்பிலிருந்து அது மிக ஆழமாக உள்ளது. வேர்ட்பிரஸின் மையத்தில் இல்லை. பொலிலாங் போன்ற ஒரு பிளகின் போடவேண்டும். பொலிலாங்கின் இலவசப் பதிப்பு ஒரு சிறு விடுதித் தளத்துக்குத் தாராளமாகப் போதும்.

இதோடு ஒரு சிறு எச்சரிக்கை. வேர்ட்பிரஸில் தலைப்பைத் தமிழில் எழுதினால் பக்கத்தின் முகவரியும் தமிழிலேயே உருவாகும். உலாவியில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளே ஒவ்வொரு தமிழ்க் குறியும் விழுக்காட்டுக் குறி, ஆங்கில எழுத்து, எண் என்று ஒன்பது எழுத்தாக விரியும். முகவரிக்கு ஒதுக்கிய இடமோ 200 எழுத்துதான். ஒற்று, கொம்பு எல்லாம் தனிக் குறிகளாகக் கணக்கில் சேர்வதால், இருபத்திரண்டு குறியோடு முகவரி வெட்டுப்பட்டுவிடும். வட்ஸ்அப்பில் பகிரும்போது அரைப் பக்கத்துக்கு விழுக்காட்டுக் குறிகள் ஓடும். எனவே முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில், இரண்டு மூன்று சொல்லில் தாங்களே கொடுக்கப் பழக்குங்கள்.

தீம் (தளத்தின் தோற்றத்தைத் தரும் வார்ப்புரு) பார்க்கும்போதும் மாதிரிப் பக்கத்திலுள்ள ஆங்கிலத்தை நம்பாதீர்கள். 'தொடர்புகொள்ளுங்கள்' என்ற சொல்லைப் பொத்தானிலும், 'கன்னியா வெந்நீரூற்றுக்களுக்கான சுற்றுலா' என்பதைத் தலைப்பிலும் போட்டு, போன் திரையில் பாருங்கள். நம் சொற்கள் நீளமானவை. பொத்தானை விட்டு வெளியே வழிந்தாலோ, வரிகள் ஒன்றின் கொம்பு மற்றதன் சுழியில் முட்டினாலோ அந்தத் தீமை விட்டுவிடலாம்.

படி 4: இப்போது பெயர்களைப் பாருங்கள்

வேர்ட்பிரஸ். 2003 மே மாதம் வெளிவந்தது. உலகத் தளங்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் இதில்தான் ஓடுகின்றன. நம் ஊரில் இதற்கு இருக்கும் பெரிய பலம், நீங்கள் இல்லாவிட்டாலும் இதைத் தெரிந்த இன்னொருவரைப் பிடிக்கலாம் என்பதுதான். வாடிக்கையாளரின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது சிறிய விடயமல்ல. போனில் நிர்வாகம் செய்யச் செயலியும் உண்டு. இலங்கைத் தமிழுக்கென்று தனி மொழித் தெரிவு இருக்கிறது; 2016இல் வந்த 4.7 பதிப்பிலிருந்து ஒவ்வொரு பயனரும் தன் நிர்வாகப் பக்கத்தின் மொழியைத் தனியாகத் தெரியலாம். நீங்கள் ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு ஐயாவுக்குத் தமிழில் வைத்துக் கொடுக்கலாம். மொழிபெயர்ப்பு எல்லா இடத்திலும் நிறைவாக இராது. ஆங்கிலம் இடையிடையே தலைகாட்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

புதியவர்கள் குழம்பும் இடம் ஒன்று: டொட் கொம் என்று முடியும் வேர்ட்பிரஸ் ஒரு சேவை, அவர்களுடைய சேவரில், அவர்களுடைய கட்டணத் திட்டத்தில் இயங்கும். டொட் ஓர்க் என்று முடிவது இலவச மென்பொருள். நீங்கள் ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் வாடகை இடம்) எடுத்து அதில் நிறுவவேண்டும். நான் இங்கே பேசுவது இரண்டாவதை.

பலவீனம் பிளகின்களில். கண்டதையெல்லாம் போட்டால் ஒவ்வொன்றும் புதுப்பிக்கக் கேட்கும், ஒன்றோடொன்று மோதும், கைவிடப்பட்ட ஒன்றின் வழியாகக் கள்ளன் நுழைவான். ஒரு விடுதித் தளத்துக்கு ஐந்தாறு பிளகினுக்கு மேல் வேண்டி வந்தால், வாடிக்கையாளர் கேட்டதைத் திரும்ப ஒருமுறை பாருங்கள்.

ஜூம்லா நல்ல மென்பொருள்தான், ஆனால் அதன் நிர்வாகப் பக்கத்தில் ஓர் அறிவித்தல் எங்கே போய்ச் சேரும் என்பதை மெனு, மொடியூல், வகை என்று மூன்று இடத்தில் விளங்கிக்கொள்ளவேண்டும். புதியவருக்குச் சிரமம். ட்ரூபல் பெரிய நிறுவனங்களுக்கு. பல துறை, பல எழுத்தாளர், ஒப்புதல் படிகள் உள்ள இடத்துக்கு. அதன் 7ஆம் பதிப்புக்கான ஆதரவு 2025 ஜனவரி 5ஆம் திகதியோடு நின்றது. அதிலிருந்து மேலே போவது கிட்டத்தட்டப் புதிதாகக் கட்டுவதற்குச் சமம். ஆறு அறை விடுதிக்கு அதைக் கொடுப்பது அநியாயம்.

விக்ஸ், ஸ்குவேர்ஸ்பேஸ் போன்ற வாடகைச் சேவைகள் மிக இலகுவானவை. ஹோஸ்டிங், பாதுகாப்பு, புதுப்பித்தல் எதைப் பற்றியும் யோசிக்கத் தேவையில்லை. பழகும் நேரமும் குறைவு. இருந்தும் நான் இவற்றைச் சொல்லத் தயங்குவதற்கு இரண்டு காரணம். ஒன்று, டொலர். 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்டபோது சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர் சில மாதங்களில் 360ஐத் தாண்டியது. அந்த வருடம் வெளிநாட்டுச் சேவைகளுக்குக் கார்ட்டால் கட்டுவதே பெரும்பாடாக இருந்தது. ஹோட்டல்கள் வெறிச்சோடிக் கிடந்த அதே மாதங்களில் கட்டணம் ஒன்றரை மடங்கைத் தாண்டி ஏறியது. இலங்கை ஹோஸ்டிங்கும் விலை கூடியது, ஆனால் ரூபாயில் கட்டலாம், ஆளிடம் பேசித் தவணை கேட்கலாம். இரண்டாவது காரணம், வெளியேறும் வழி. விக்ஸில் கட்டிய தளத்தை அப்படியே தூக்கி வேறு ஹோஸ்டிங்கில் வைக்க முடியாது. விட்டு வந்தால் புதிதாகத்தான் கட்டவேண்டும். இந்த இரண்டையும் வாடிக்கையாளருக்கு விளங்கச் சொன்ன பிறகும் அவர் அதைத்தான் விரும்பினால், அது அவருடைய உரிமை. செய்து கொடுங்கள்.

கூகுள் சைட்ஸைப் பலர் கணக்கிலெடுப்பதில்லை. சனசமூக நிலையம், பழைய மாணவர் சங்கம், விளையாட்டுக் கழகம் போன்ற, வருடத்துக்கு ஒரு சதமும் ஒதுக்க முடியாத இடங்களுக்கு நான் முதலில் இதைத்தான் சொல்கிறேன். கூகுள் கணக்கு இருந்தால் இலவசம். உடைப்பதற்கு உள்ளே எதுவும் இல்லை. தலைவர் மாறினால் பகிர்வு அனுமதியை மாற்றினால் போதும். அழகு குறைவு, ஆனால் அந்தப் பக்கத்தில் கூட்டத் திகதி சரியாக இருக்கும்.

கோப்புகளிலேயே எல்லாவற்றையும் வைத்திருக்கும் கிராவ், கேர்பி போன்றவற்றையும், பக்கங்களை முன்கூட்டியே எச்.டி.எம்.எல். ஆக்கி வைக்கும் ஹியூகோ போன்ற நிலைத்தளக் கருவிகளையும் பழகி வையுங்கள். வேகமானவை, பாதுகாப்பானவை. ஆனால் நீங்கள் ஊரை விட்டுப் போனால் இங்கே அடுத்த ஆளைத் தேடுவது கடினம் என்பதை மனதில் வையுங்கள்.

ஒன்லைனில் பணம் வாங்குவதானால் தெரிவு இன்னும் சுருங்கும். இலங்கையில் பேபாலால் பணம் பெற முடியாது; பேஹியர் போன்ற உள்ளூர் வழி வேண்டும். நீங்கள் எடுக்கும் சி.எம்.எஸ்.ஸுக்கு அதன் இணைப்பு இருக்கிறதா என்று முதலே பாருங்கள். வேர்ட்பிரஸில் கடை நடத்தும் பிளகினான வூகொமர்ஸுக்கு இருக்கிறது.

படி 5: வாயைத் திறக்காமல் பக்கத்தில் இருங்கள்

இரண்டு பெயராகச் சுருக்கிவிட்டீர்களா? இரண்டிலும் வெறும் மாதிரித் தளம் ஒன்றை நிறுவுங்கள். ஒரு பக்கம், இரண்டு படம் போதும். படி 2இல் சந்தித்த அந்த ஆளை இருத்தி, அவருடைய போனையே கையில் கொடுத்து மூன்று வேலை சொல்லுங்கள்: இந்த விலையை மாற்றுங்கள், இந்தப் படத்தை எடுத்துவிட்டு உங்கள் போனிலிருந்து ஒரு படம் போடுங்கள், நாளைக்குப் பூசை நேரம் மாறியிருக்கிறது என்று ஓர் அறிவித்தல் போடுங்கள்.

பிறகு பேசாதீர்கள். மிகக் கடினமான வேலை இதுதான். விரல் தவறான இடத்துக்குப் போகும்போது "அதில்லை, மற்றது" என்று வாய் வரும். அடக்குங்கள். எங்கே விரல் நிற்கிறது, எந்தச் சொல்லில் புருவம் சுருங்குகிறது, சேமித்தேனா இல்லையா என்று எங்கே சந்தேகப்படுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த நிலாவெளி அக்காவுக்குத் தளத்தைத் திரும்பச் செய்தபோது இப்படித்தான் இருந்தேன். 'பிரசுரி' என்ற பொத்தானுக்கு மேல் அவருடைய பெருவிரல் அரை நிமிடம் நின்றது. "இதை அமத்தினா எல்லாருக்கும் தெரியுமோ தம்பி? பிழையெண்டா?" அப்போதுதான் எனக்குப் பயிற்சியில் முதலில் காட்டவேண்டியது எதுவென்று விளங்கியது: பழைய பிரதியை மீட்பது எப்படி. வேர்ட்பிரஸ் ஒவ்வொரு சேமிப்பின் பழைய வடிவத்தையும் வைத்திருக்கும். அவர் வேண்டுமென்றே ஒரு பந்தியை அழித்து, திரும்பக் கொண்டுவந்து பார்த்தார். அதற்குப் பிறகு விரல் நிற்கவில்லை.

படி 6: கை பட்டால் உடையாதபடி கட்டுங்கள்

இனி வேர்ட்பிரஸை எடுத்ததாக வைத்துக்கொண்டு சொல்கிறேன்; மற்றவற்றிலும் எண்ணம் இதேதான்.

அவருக்கு 'நிர்வாகி' அனுமதி கொடுத்து நாளாந்த வேலைக்கு விடாதீர்கள். 'ஆசிரியர்' நிலை (ஆங்கிலத்தில் எடிட்டர்) என்று ஒன்று இருக்கிறது. அதில் பக்கங்களையும் படங்களையும் மாற்றலாம், தீமையும் பிளகினையும் தொட முடியாது. முதலாளிக்கு நிர்வாகிக் கணக்கு கட்டாயம் வேண்டும், தளம் அவருடையது. அதைத் தனியாக உறையில் போட்டு அலுமாரிக்குள் வைக்கச் சொல்லுங்கள்.

பக்கம் கட்டும் பெரிய பிளகின்களைத் தவிர்த்து, 2018 டிசம்பரில் 5.0 பதிப்போடு வந்த, பந்தி, படம், அட்டவணை என்று துண்டு துண்டாக அடுக்கும் புளொக் தொகுப்பியையே பாவியுங்கள். 6.0 பதிப்பிலிருந்து ஒவ்வொரு புளொக்கையும் நகராமல், அழியாமல் பூட்டலாம். உள்ளே இருக்கும் எழுத்தை மட்டும் மாற்ற விடலாம். அறை விலைகளை ஆறு பெட்டிக்குள் சிதறவிடாமல் ஒரே பக்கத்தில், ஒரே அட்டவணையில் வையுங்கள். அறையின் பெயர், சீசன் விலை, மற்ற மாத விலை. அலங்காரம் குறையும். ஆனால் ஏப்ரல் மாத இரவில் அதை மாற்ற இரண்டு நிமிடம்தான் எடுக்கும்.

படங்களைப் பற்றி அதிகம் கவலைப்படவேண்டாம். 5.3 பதிப்பிலிருந்து பெரிய படங்களை 2560 பிக்சலுக்குத் தானாகவே சுருக்கும். ஐபோன் படங்கள் ஏற்றப்படாமல் நிற்கிறது என்று முறைப்பாடு வந்தால், போனின் கமரா அமைப்பில் ஜேபெக் வகையாகச் சேமிக்கச் சொல்லிக் கொடுங்கள்.

படி 7: எல்லாம் அவர் பெயரில்

ஓர் உணவகத் தளத்தைத் திருத்தக் கேட்டு என்னிடம் வந்தார்கள். முன்பு செய்தவர் வெளிநாடு போய்விட்டார். டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) அவர் பெயரில், ஹோஸ்டிங் அவர் மின்னஞ்சலில். ஆளைப் பிடிக்க முடியவில்லை. பன்னிரண்டு வருடம் பெயர்ப்பலகையிலும் பில் புத்தகத்திலும் அச்சடித்த முகவரியை விட்டுவிட்டு, புதுப் பெயரில் தொடங்கவேண்டி வந்தது. அந்த முதலாளியின் முகம் எனக்கு இன்னமும் மறக்கவில்லை.

ஆகவே டொமைனை வாடிக்கையாளரின் பெயரிலேயே எடுங்கள், புதுப்பிக்கும் நினைவூட்டல் அவருடைய மின்னஞ்சலுக்கும் உங்களுடையதற்கும் வரட்டும். எல்கே என்று முடியும் பெயரோடு, தமிழில் '.இலங்கை' என்று முடியும் பெயரும் பதியலாம் என்பது பலருக்குத் தெரியாது. கோயிலுக்கும் தமிழ்ச் சங்கத்துக்கும் சொல்லிப் பாருங்கள். பெக்கப்புக்கு அப்டிராஃப்ட்பிளஸ் போன்ற பிளகினைப் போட்டு, அவருடைய கூகுள் டிரைவுக்கு வாரம் ஒருமுறை தானாகப் போகும்படி வையுங்கள். ஒரு தடவையாவது அந்தப் பெக்கப்பிலிருந்து தளத்தை மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத பெக்கப் இருக்கிறது என்று சொல்ல எனக்குத் தைரியம் வராது.

சிறிய பாதுகாப்புப் பதிப்புகள் தாமாகவே நிறுவப்படும். பெரிய பதிப்புகளையும் பிளகின்களையும் யார் பார்ப்பது என்பதை எழுத்தில் வையுங்கள்: மாதம் ஒருமுறை நீங்கள், இவ்வளவு பணம். முன்பதிவுப் படிவத்தில் விருந்தினரின் பெயர், கடவுச்சீட்டு இலக்கம் என்று கேட்க ஆசைப்படுவார்கள். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பெயர், போன் இலக்கம், வரும் திகதி தவிர வேறெதையும் படிவத்தில் கேட்காதீர்கள்.

படி 8: கையளிப்பு

நேரத்தைப் பார்த்துக் கையளியுங்கள். நவம்பரிலிருந்து ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை. கடல் கொந்தளிப்பு, விடுதிகளில் ஆள் குறைவு. முதலாளிமார் ஆறுதலாக இருந்து பேசும் காலம் அதுதான். அப்போது தளத்தைக் கட்டி, மாசி பங்குனியில் பழக்கி, சித்திரை வருடப்பிறப்புக்கு முன் கையில் கொடுத்துவிடுங்கள். சீசன் நடுவில் பழக்கப் போனால், அவர் ஒரு கண்ணைப் படகிலும் ஒரு கண்ணை உங்களிலும் வைத்திருப்பார்.

தடித்த வழிகாட்டிப் புத்தகத்தை யாரும் திறப்பதில்லை. படி 1இல் எழுதிய தாளை எடுங்கள். மாறுபவற்றின் பட்டியல் அதில் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிட ஒளிப்பதிவு, போன் திரையையே பதிவுசெய்து, உங்கள் குரலில், தமிழில். 'விலை மாற்றுவது', 'படம் மாற்றுவது', 'அழிந்ததை மீட்பது' என்று பெயரிட்டு வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அடுத்து வரும் பிள்ளைக்கு அவரே அதை முன்னனுப்புவார். அதோடு ஒரு பக்கத் தாள் ஒன்றை லமினேட் செய்து வரவேற்பு மேசையின் லாச்சிக்குள் வைக்கக் கொடுங்கள். அதில் கடவுச்சொல்லை எழுதாதீர்கள்.

இரண்டு கிழமை கழித்து ஒருமுறை போய்ப் பாருங்கள். மூன்று மாதம் கழித்து நீங்களே தளத்துக்குள் நுழைந்து, விலைப் பக்கத்தின் பழைய பிரதிகளின் பட்டியலைத் திறவுங்கள். யார், எப்போது மாற்றினார்கள் என்று பெயரோடு வரிசையாக இருக்கும். நிலாவெளித் தளத்தில் இப்போது அந்தப் பட்டியலில் அக்காவின் பெயர் பதினொரு இடத்தில் இருக்கிறது, அவருடைய மகளின் பெயர் நான்கு இடத்தில். உங்கள் தளத்தில் உங்கள் பெயர் மட்டும் இருந்தால், ஒரு கோல் எடுத்துவிட்டுப் போய், படி 5இல் இருந்த மாதிரித் திரும்பவும் பக்கத்தில் இருங்கள்.